துப்பாக்கியைப் படிக்கத் தெரியுமா?

குட்டீஸ்... உங்கள் வகுப்பில் ஸ்டாம்ப் சேர்ப்பவர் ஒருவராவது இருப்பார். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கிரிக்கெட் வீரர் படம், ஏன், பஸ் டிக்கெட் சேர்ப்பவர்கள் கூட உண்டு. இதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அம்மா திட்டினாலும் கொஞ்சம்தான் திட்டுவார்.

ஆனால், நான்கரை கிலோ எடையும், உங்கள் உயரத்துக்கு நீளமும் உள்ள ஒரு பொருளைச் சேர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ப்பது நூறு, இருநூறு வருடங்களுக்கு முன் போர் வீரர்கள் தூக்கிக்கொண்டு நடந்த துப்பாக்கிகளை! அதன் முனையில் செருகுவார்களே ஒரு கத்தி, பயோனெட், அதையும்தான்.

"ஐயய்யோ, துப்பாக்கியா! யாரையாவது சுடவா?" என்று பயப்படாதீர்கள். உண்மையான சேகரிப்பாளர் தன்னிடம் உள்ள பழைய துப்பாக்கியைப் பெரும்பாலும் சுடுவதே இல்லை. அதைப் படிக்கிறார். ஆமாம், கையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, புத்தகம் மாதிரி வரி வரியாகப் படிக்கிறார். எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், நேபாளம் வரை ஒரு நடை போய் வருவோமா?

அரண்மனைக்குள் ஒரு மலை

நேபாளத்தின் தலைநகர் காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்று ஒரு பழைய அரண்மனை. சிலேகானா என்றால் ஆயுதக் கிடங்கு. நேபாள ராணுவத்துக்குப் புதிய துப்பாக்கி வந்ததும் பழையதைத் தூக்கி எறியாமல் இங்கே கொண்டு வந்து அடுக்கினார்கள். அடுத்த தலைமுறைத் துப்பாக்கி வந்ததும் முந்தையதை அதன் பக்கத்தில் அடுக்கினார்கள். இப்படியே நூறு வருடத்துக்கு மேல் நடந்தது. நம் வீட்டுப் பரண் மாதிரிதான். கொஞ்சம் பெரிய பரண்!

அங்கே இவ்வளவு பழைய ஆயுதங்கள் கிடக்கின்றன என்ற செய்தி, பழம்பொருள் வியாபாரியான கிறிஸ்டியன் கிரான்மர் என்பவரின் காதுக்கு எட்டியது. அவர் சும்மா இருப்பாரா? கேட்டார், எழுதினார், போனார், வந்தார். முப்பது வருட முயற்சி! கடைசியில் 2003ல் அவருடைய இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ் நிறுவனமும், அட்லாண்டா கட்லரி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து அந்தக் கிடங்கில் இருந்ததை நேபாள அரசிடமிருந்து விலைக்கு வாங்கின.

கதவைத் திறந்தால் துப்பாக்கிகள் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல்! கூடவே பயோனெட்டுகள், கூர்க்கா வீரர்களின் குக்ரி கத்திகள், பீரங்கிகள். பல துப்பாக்கிகள் மேல் பழைய கிரீஸ் கெட்டியாகிப் போய், அதன் மேல் பல வருடத்துத் தூசு ஒட்டி, எது மரம் எது இரும்பு என்றே தெரியாத நிலை. அந்த அழுக்குதான் அவற்றைத் துருவில் இருந்து காப்பாற்றியது.

சரி, இமயமலை அடிவாரத்துக்கு இங்கிலாந்துத் துப்பாக்கிகள் எப்படி வந்தன? 1814 முதல் 1816 வரை நேபாளத்துக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் நடந்தது. பிறகு இருவரும் நண்பர்கள் ஆனார்கள். நேபாளத்தின் பிரதமராக இருந்த ஜங் பகதூர் ராணா 1850ல் கப்பலேறி இங்கிலாந்துக்கே போய் விக்டோரியா மகாராணியைச் சந்தித்துவிட்டு வந்தார். 1857ல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பியபோது, கூர்க்கா படையோடு ஆங்கிலேயருக்கு உதவப் போனார். இந்த உறவால் வந்த துப்பாக்கிகள் பல. நேபாளத்துக் கொல்லர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே செய்தவையும் பல.

50 ஆயிரத்தையும் எப்படித் தரம் பிரிப்பது? ஒவ்வொன்றையும் துடைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். வாருங்கள், நாமும் படிப்போம்.

இதயமா, சிங்கமா?

முதல் பாடம், பிரவுன் பெஸ் என்ற செல்லப் பெயர் கொண்ட துப்பாக்கி. 1700களில் இருந்து 1830களைத் தாண்டியும் ஆங்கிலேயப் படையின் கையில் இருந்தது இதுதான். நம்முடைய பாளையக்காரர்கள் எதிர்கொண்டதும் இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான்.

இதைச் சுடுவது ஒரு பெரிய வேலை. காகிதத்தில் மடித்த தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் வெடிமருந்தைப் பக்கத்துக் கிண்ணியில் போட்டு, மீதியைக் குழலின் வாய்க்குள் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதிப் பொறி பறக்கும். பிறகு 'டுமீல்!' மழை பெய்தால் அவ்வளவுதான், மருந்து நனைந்து நமத்துப்போன பட்டாசு மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பழகிய வீரர் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவார். நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவரைக் குறி பார்ப்பது வீண் வேலை. குழலுக்குள் குண்டு தளர்வாக இருப்பதால் அது இஷ்டத்துக்குப் பறக்கும்.

இப்போது பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத் தகட்டைப் பாருங்கள். (துப்பாக்கியில் பொறியை உண்டாக்கும் பாகத்துக்குப் பூட்டு என்று பெயர். சாவி கிடையாது!) அதில் ஓர் இதயம் வரைந்து, உள்ளே நான்கு ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால், அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. நாணயம் சேர்ப்பவர்கள் "அட, இதை நம் காசில் பார்த்திருக்கிறோமே" என்பார்கள். சரிதான், கம்பெனி தன் காசிலும் அதே இதயத்தைப் போட்டது. 1808ம் ஆண்டு முதல் துப்பாக்கிகளில் இதயத்தை எடுத்துவிட்டு, பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கத்தைப் போட ஆரம்பித்தார்கள். ஆகவே இதயம் என்றால் அண்ணன், சிங்கம் என்றால் தம்பி. ஒரு சின்னப் படம், வயதைச் சொல்லிவிட்டது பார்த்தீர்களா?

இந்தக் கம்பெனித் துப்பாக்கியில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் பயன்படுத்துவதற்காகக் குழலைக் குட்டையாக்கி, 39 அங்குலத்தில், குறைந்த செலவில் செய்யச் சொன்னது கம்பெனி. 1790களில் பிரான்சோடு போர் மூண்டு ஆயுதம் போதாமல் போனதும், இங்கிலாந்து அரசு கம்பெனிக்காகச் செய்து வைத்திருந்த துப்பாக்கிகளைத் தானே வாங்கிக்கொண்டது. பிறகு அந்த மாதிரியையே தன் ராணுவத்துக்கும் வைத்துக்கொண்டது. அதனால் அந்தத் துப்பாக்கிக்கு இங்கிலாந்திலேயே 'இந்தியா மாதிரி' என்று பெயர்.

இன்னொரு குறி, காக்கைக் கால் மாதிரி மூன்று கோடுகள். அது அம்புக்குறி. "இது இங்கிலாந்து அரசாங்கத்தின் சொத்து" என்று பொருள். இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு இருந்தால்? "அரசாங்கம் இதை விற்றுவிட்டது" என்று பொருள். இரண்டாவது அம்பு இல்லாத சாமானை வைத்திருந்தால் திருட்டுச் சாமானோ என்று அந்தக் காலத்தில் சந்தேகப்படுவார்கள்.

கோடு இருந்த இடம்

இரண்டாவது பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் வருத்தமான பாடமும்கூட.

பம்பரம் சுற்றும்போது நிமிர்ந்து நிற்கிறது, சுற்றாவிட்டால் விழுந்துவிடுகிறது அல்லவா? குண்டும் அப்படித்தான். சுழன்றுகொண்டே போனால் நேராகப் போகும். அதற்காகக் குழலின் உள்பக்கத்தில் திருகுபோல் வளைந்து போகும் பள்ளக் கோடுகளை வெட்டினார்கள். அந்தக் கோடு உள்ள துப்பாக்கிக்குத்தான் ரைபிள் என்று பெயர். கோடு இல்லாதது மஸ்கட்.

1853ல் இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதச்சாலை கொண்டுவந்த ரைபிளில் மூன்று கோடுகள். நூறு கஜத்துக்கே தடுமாறிய இடத்தில், இப்போது பல நூறு கஜ தூரத்துக்குக் குறி வைக்க முடிந்தது. இந்த ரைபிள் எங்கெல்லாம் போனது தெரியுமா? அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் சண்டை போட்டபோது இரு பக்கமும் இதை லட்சக்கணக்கில் வாங்கின. நேபாளத்துக்கும் வந்தது. இந்தியாவுக்கும் வந்தது. இங்கே வந்ததும்தான் வம்பு.

இதற்கான காகிதத் தோட்டாவில் பூசிய கொழுப்பு, பசுவின் கொழுப்பு என்றும் பன்றியின் கொழுப்பு என்றும் செய்தி பரவியது. அதைப் பல்லால் கடிக்க வேண்டுமே! இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவருமே கொதித்தார்கள். ஏற்கெனவே கம்பெனி மேல் பல கோபங்கள் இருந்தன. 1857ல் பெரும் கிளர்ச்சி வெடித்தது. இதையெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

பாடப் புத்தகத்தில் வராத மிச்சக் கதை துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது. கிளர்ச்சியை அடக்கிய பிறகு, இந்தியச் சிப்பாய்களிடம் துல்லியமாகச் சுடும் ரைபிளைக் கொடுக்க ஆங்கிலேயருக்குப் பயம். ஆனால், படைக்கு ஆயுதம் கொடுக்காமலும் இருக்க முடியாது. என்ன செய்தார்கள்? வெளியே பார்த்தால் அச்சு அசல் 1853 ரைபிள் போலவே இருக்கும் துப்பாக்கியைச் செய்தார்கள். உள்ளே கோடுகள் கிடையாது! தூரத்துக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கும் குறிப்பலகையும் கிடையாது. வெள்ளைக்கார வீரரும் இந்தியச் சிப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் அணிவகுத்து நின்றால், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தால்தான் யாரை நம்பினார்கள், யாரை நம்பவில்லை என்பது தெரியும்.

இதன் பிறகும் ஆங்கிலேயர் இதே வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். 1866ல் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறையில், பழைய என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, ஒரு சின்னக் கதவு வைத்து, தோட்டாவைப் பின்னால் போடும்படி செய்தார்கள். கெட்டிக்கும் கம்பிக்கு வேலை போயிற்று. 1871ல் அதையும்விட வேகமான மார்ட்டினி ஹென்றி வந்தது. ஆங்கிலேய வீரருக்கு மார்ட்டினி கிடைத்த பிறகுதான் இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர். அண்ணனின் பழைய சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, எப்போதும் ஒரு படி பின்னால்தான்!

நேபாளத்து மூளை

லகன் சிலேகானாவில் கிடைத்தவற்றில் சேகரிப்பாளர்களை மிகவும் ஆச்சரியப்படுத்தியவை இங்கிலாந்துச் சரக்குகள் இல்லை. கஹேந்திர சம்ஷேர் ராணா என்பவரின் பெயரில் நேபாளத்திலேயே செய்த ரைபிள்கள்! தூரத்தில் இருந்து பார்த்தால் மார்ட்டினி போலத் தெரியும். உள்ளே இருக்கும் இயந்திர அமைப்பு வேறு. இவற்றைப் பெரும்பாலும் கையால் செய்தார்கள். அதனால் ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பொருந்தாது. ஒரே அம்மாவின் கையால் சுட்டாலும் இரண்டு தோசை ஒரே மாதிரி இருக்காதே, அப்படி!

பீரா என்ற இரட்டைக்குழல் இயந்திரத் துப்பாக்கியையும் கஹேந்திராதான் 1896 வாக்கில் உருவாக்கினார். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் சுடும். அப்போது பிரதமராக இருந்த அவருடைய அப்பா வீர் சம்ஷேரின் பெயரை அதற்கு வைத்தார்.

இந்த நேபாள ஆயுதங்களில் எழுத்தெல்லாம் தேவநாகரி. ஆண்டும் விக்கிரம ஆண்டு! அது நாம் பயன்படுத்தும் ஆண்டைவிட 56 அல்லது 57 கூடுதல். 1953 என்று பார்த்துவிட்டு "ப்பூ... இது புதுசு" என்று ஒருவர் வைத்துவிட்டுப் போனால், அவர் தவறவிட்டது 1896ம் ஆண்டுப் பொருளை. கழித்தல் கணக்கு எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

ஆண்டு விஷயத்தில் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1898ம் ஆண்டோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிதான் பழம்பொருள். 1899 என்றால் அதற்கு வேறு சட்டம். ஒரே ஒரு வருடம்! அதனால்தான் சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு அலைகிறார்கள்.

துப்பாக்கிக்கு முளைத்த கத்தி

இப்போது பயோனெட். பழைய தமிழ்ப் புத்தகங்களில் இதைத் 'துப்பாக்கிச் சனியன்' என்று எழுதியிருப்பார்கள். குத்துப்பட்டவர் வைத்த பெயரோ என்னவோ!

பிரான்ஸ் நாட்டில் பயோன் என்ற ஊரின் பெயரில் இருந்து வந்த சொல் பயோனெட் என்பார்கள். 1600களில் ஒருமுறை சுட்டுவிட்டால் மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் எதிரி ஓடி வந்துவிடுவான். அதனால் கத்தியின் மரப்பிடியைத் துப்பாக்கியின் வாயிலேயே செருகி, ஈட்டியாக்கிக்கொண்டார்கள். நல்ல யோசனை. ஆனால், ஒரு சின்னச் சிக்கல். வாயை அடைத்துவிட்டால் எப்படிச் சுடுவது?

இந்தச் சிக்கல் 1689ல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி என்ற இடத்தில் பெரிய விபரீதமாக முடிந்தது. அரசுப் படையினர் சுட்டுவிட்டு, கத்தியை எடுத்துச் செருகிக்கொண்டிருக்கும்போதே மலைநாட்டு வீரர்கள் சரிவில் வாளோடு பாய்ந்து இறங்கிவிட்டார்கள். சுடவும் முடியவில்லை, குத்தவும் முடியவில்லை. அரசுப் படை சிதறி ஓடியது.

அதற்குப் பிறகு வந்த பயோனெட்டில் மரப்பிடிக்குப் பதில் ஒரு குழாய். அதைத் துப்பாக்கிக் குழலுக்கு வெளியே மோதிரம் போல மாட்டினார்கள். கத்தி முழங்கை மாதிரி வளைந்து ஓரமாகப் போகும். கத்தி மாட்டியிருக்கும்போதே சுடலாம். பிரவுன் பெஸ்ஸோடு வந்தது இந்த மாதிரிதான். போர் இல்லாத இரவுகளில் வீரர்கள் அதைத் தலைகீழாக மண்ணில் குத்தி, குழாய்க்குள் மெழுகுவர்த்தி வைத்துப் படிப்பார்களாம். உண்மையில் பயோனெட்டால் குத்திக்கொண்டதைவிட இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. முதல் உலகப் போரில் காயம் பட்டவர்களில் பயோனெட் காயம் மிகமிகக் குறைவு. டப்பாவை உடைக்க, ரொட்டி சுட என்று அது ஓயாமல் வேலை செய்தது.

அந்தப் போரில் இந்திய வீரர்களும் தூக்கிக்கொண்டு போன பயோனெட் ஒன்றைப் படித்துப் பார்க்கலாமா? கத்தி 17 அங்குலம். பிடிக்கு மேலே இரும்பில் இப்படி இருக்கிறது: ஒரு கிரீடம். அதன் கீழே ஜார்ஜ் மன்னரின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். அதன் கீழே 1907. அதற்கும் கீழே 5, பக்கத்தில் 16. பிறகு செய்தவரின் பெயர்.

இது எந்த ஆண்டில் செய்தது?

"1907!" என்று கத்தினீர்களா? புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 1907 என்பது அந்த வடிவத்தை ஏற்றுக்கொண்ட ஆண்டு. எந்த ஆண்டில் செய்தாலும் அந்த எண் இருக்கும். செய்த தேதி கீழே இருக்கிறது: ஐந்தாம் மாதம், 16. அதாவது 1916 மே. மறுபக்கம் திருப்பினால் காக்கைக் கால் அம்பு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கத்தியை வளைத்துப் பார்த்தார்கள், உடையவில்லை, பாஸ்! என்பதற்கு அடையாளம் அந்தப் பெருக்கல் குறி. பிடியின் அடிப்பகுதியில் சில கத்திகளில் படைப்பிரிவின் சுருக்கமும் ஓர் எண்ணும் இருக்கும்.

தொடக்கத்தில் இந்தக் கத்தியில் ஒரு கொக்கி வளைவு இருந்தது. 1913ல் அதை நிறுத்திவிட்டார்கள். படையில் இருந்த பல கத்திகளின் கொக்கியையும் வெட்டி எடுத்தார்கள். அதனால் கொக்கியோடு ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளருக்குத் தீபாவளி. உடனே சில கெட்டிக்காரர்கள் கொக்கியைப் புதிதாகப் பற்றவைத்து விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்! கத்திகளும் வரவரக் குட்டையாகிக்கொண்டே வந்தன. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் செய்தது 12 அங்குலம். இங்கிலாந்தின் புதிய ரைபிளுக்கு வந்தது வெறும் 8 அங்குல ஊசி. வெண்ணெய்கூடத் தடவ முடியாது.

நிரப்பினார்கள், சுடவில்லை

துப்பாக்கியைப் படித்தால் அதைப் பிடித்திருந்தவரின் மனசுகூடத் தெரியும் என்றால் நம்புவீர்களா?

1863 ஜூலையில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் கடும் போர். முடிந்ததும் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினார்கள். 27,574. அவற்றில் ஏறக்குறைய 24 ஆயிரத்தில் குண்டு அப்படியே உள்ளே இருந்தது. சுமார் 12 ஆயிரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குண்டுகள். பல ஆயிரத்தில் மூன்றும் அதற்கு மேலும். ஒரு துப்பாக்கியில் மட்டும் 23!

யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் புகை, அலறல், இடி முழக்கம். ஒருவர் மருந்தைக் கொட்டுகிறார், குண்டைப் போடுகிறார், கெட்டிக்கிறார். தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. மறுபடி நிரப்புகிறார். மறுபடியும். கை மட்டும் பழக்கத்தில் இயங்குகிறது. சிலர் எதிரே நிற்பவரைச் சுட மனம் வராமலேயே நிரப்பிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. அப்படி இல்லை, பயமும் குழப்பமும்தான் என்பவர்களும் உண்டு. அந்த 23 குண்டுக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் பட்ட பாட்டை அவர் துப்பாக்கி மட்டும் சொல்லிவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது குட்டீஸ். நூறு வருடமாகப் பரணில் கிடந்த துப்பாக்கிக்குள்கூட மருந்தும் குண்டும் இருக்கலாம். அதனால் சேகரிப்பாளர் செய்யும் முதல் வேலை, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு எடுத்து, அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்து அளப்பது. உள்ளே போன அளவு குறைவாக இருந்தால், அடியில் ஏதோ இருக்கிறது! இது அனுபவம் உள்ள பெரியவர்கள் செய்கிற வேலை. நீங்கள் எங்காவது பழைய துப்பாக்கியையோ தோட்டாவையோ கண்டால் தொடவே கூடாது. பெரியவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் போலீசுக்குச் சொல்வார்கள். நம் நாட்டில் 1959ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மிகக் கண்டிப்பானது. "தாத்தா காலத்துத் துப்பாக்கி சார்" என்று சொல்லி இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது.

பளபளப்பு ஆகாது

பழைய பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் பாட்டி சந்தோஷப்படுவார். பழைய துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சேகரிப்பாளர் அழுதுவிடுவார்! ஏனென்றால் அந்தப் பழுப்பு நிறத்தோடு சேர்ந்து இதயமும் சிங்கமும் அம்பும் எண்ணும் தேய்ந்துபோகும். மரக்கட்டையில் யாரோ ஒரு வீரர் பொழுது போகாமல் கத்தி முனையால் செதுக்கிய கோடும் போய்விடும். பளபளவென்று ஒரு ஊமைத் துப்பாக்கிதான் மிஞ்சும்.

அதனால் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள். நம் வியர்வையில் இருக்கும் உப்பு, விரல் ரேகை வடிவத்திலேயே துருவை உண்டாக்கும். மென்மையான துணியில் இரண்டு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான் வைத்தியம். நேபாளத்துத் துப்பாக்கிகளின் கிரீஸையும் இப்படித்தான் பொறுமையாகக் கரைத்து எடுத்தார்கள்.

அந்த 50 ஆயிரமும் பிறகு உலகம் முழுக்க உள்ள சேகரிப்பாளர்களுக்கு விலைக்குப் போயின. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. கஹேந்திரா ரைபிளைப் பார்க்க ஒரு காத்மாண்டுச் சிறுவன் அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்கா போக முடியும்? நல்லவேளையாக, காத்மாண்டுவின் சௌனி பகுதியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பழைய நேபாள ஆயுதங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டடமே ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்குதான். திபெத்தியரிடம் இருந்து 1792 போரில் பிடித்த தோல் பீரங்கிகூட அங்கே உண்டு. தோலில் பீரங்கி!

ஆனால், விற்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் மராட்டிய அரசர்களின் ஆயுதக் கிடங்கு அது. வாள், கட்டாரி, ஈட்டி என்று மலை மலையாகக் குவிந்து கிடந்தன. 1855ல் கடைசி அரசர் இறந்து, கம்பெனி ஆட்சி வந்தது. 1860களில் அதிகாரிகள் குவியலைக் கிளறி, நல்லதாகத் தெரிந்தவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை? உடைத்து, பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் என்னென்ன எழுதியிருந்ததோ, இனி யாராலும் படிக்க முடியாது.

தப்பித்தவை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் கம்பெனி காலத்து ஆயுதங்களைப் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது "துப்பாக்கி... துப்பாக்கி..." என்று ஓடிக் கடந்துவிடாமல், கண்ணாடிக்கு அருகில் போய் அந்தப் பூட்டுத் தகட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இதயமா, சிங்கமா?